கன்னியாவில் வாய் பிளந்த காப்பு

1974 ஆகஸ்ட் 11, ஞாயிறு

திருகோணமலைத் துறைமுகத்தின் ஈடிணையற்ற ஆபரணச் சக்கரவர்த்தியாகிய நான் இன்று கவிழ்ந்தேன். பழைய பல் பிரஷ் பிடிகளைக் கொதிநீரில் வளைத்து, தோணிக்குப் பூசும் தாரால் ஒட்டி, பொருத்துகளைச் சிகரெட் பெட்டி வெள்ளித்தாளால் மூடி, அக்கா மகள் புவனாவுக்கு ஒரு காப்புச் செய்திருந்தேன். பெண் பார்க்க வந்தவர்களிடம், "சிங்கப்பூர்க் கப்டன் கண்ணீரோடு தந்தது" என்று அளந்ததும் நான்தான். பாவம், புவனா தலையாட்டினாள்.

இன்று மாப்பிள்ளையின் தங்கச்சி அவளைக் கன்னியாவுக்குக் குளிக்கக் கூட்டிப்போனாள். அந்த ஏழு கிணறும் வெந்நீர் என்பது இந்தப் பெரிய மண்டையில் ஏறவில்லையே! மூன்றாவது வாளியில் தார் இளகி, காப்பு வாய் பிளந்து விழுந்ததாம். எடுத்தவள் உட்பக்கத்தில் பிரஷ் கம்பனியின் பெயரை வாசித்துவிட்டாளாம்.

"என்னையும் பொய்க்காரி ஆக்கிப்போட்டீங்கள் மாமா. இனி என்னோட கதைக்க வேண்டாம்."

"அவள் கோவிச்சவளோ?"

"இல்லை, விழுந்து விழுந்து சிரிச்சவள். தங்கட வீட்டை கூட்டிப்போய் இதையும் தந்துவிட்டவள்."

ஒரு பொட்டலத்தை மேசையில் எறிந்துவிட்டு அறைக்குள் போய் அழுதாள். பிரித்தேன். நான்கு பழைய பிரஷ்கள், ஒரு துண்டுக் கடிதம்: "எனக்கும் ஒரு காப்பு. நீலப் பிரஷ் அண்ணாவுடையது."

இது கேலியா, அன்பா? செய்தால் புவனா முகத்தில் விழிக்க ஏலாது. செய்யாவிட்டால் சம்பந்தி வீட்டார் முகத்தில். உலகாண்ட மூளை ஓடவில்லை.

படுக்குமுன் மேசையைப் பார்த்தேன். மூன்று பிரஷ்தான் கிடக்கிறது. நீலத்தைக் காணவில்லை. அறைக்குள் அழுகையையும் காணவில்லை. எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை.