சனிக்கிழமைக்காரியும் ஞாயிற்றுக்கிழமைக்காரரும்

என் வாலு மகளுக்கு அம்மா எழுதுவது.

கர்த்தருடைய கிருபையால் நானும் அப்பாவும் நலம், அதுவும் ஒரே நேரத்தில், ஒரே அறையில், எதிரெதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு நலம். நீ நம்பமாட்டாய் என்று தெரியும், அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். நீயும் மாப்பிள்ளையும் நம் சுண்டெலிப் பயலும் அங்கே சுகமாக இருக்கிறீர்களா, அவனுக்கு மேல்பல் முளைத்துவிட்டதா, இன்னும் செருப்பைத்தான் கடிக்கிறானா. போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். போனில் நான் பாதி சொல்வதற்குள் மீதியை நீயே ஊகித்து அதற்குப் பதிலும் சொல்லி வைத்துவிடுகிறாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது, அதனால் வாயை மூடிக்கொண்டு கடைசிவரை படி.

அன்றைக்கு வியாழக்கிழமை நீ போனில் துள்ளிக் குதித்தாய். பார்சல் கிடங்கில் உங்கள் இரண்டு பேருக்கும் வேலை, உனக்குப் பகல், அவருக்கு இரவு, வார லீவும் ஆளுக்கு ஒரு நாள், பிள்ளையை ஒரு மணி நேரம்கூட வெளியாளிடம் விட வேண்டாம், முதல் தேதிக்குள் சம்மதம் சொல்ல வேண்டும் என்றாய். அதோடு விட்டிருக்கலாம். நீயும் அப்பாவும் என்னை வளத்த மாதிரியேம்மா என்று ஒரு வார்த்தை போட்டாய். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை, போனை வைத்த பிறகும் கையில் பிடித்துக்கொண்டே சிரித்தார். நானும்தான் சிரித்தேன். அது வியாழக்கிழமை. வெள்ளிக்கிழமை நம் சலவைக் கடைப் பாய்லர் வெடித்தது.

அதற்கு முன்னால் நாங்கள் என்னதான் நடத்தினோம் என்று உனக்கு ஒருமுறை சொல்லிவிடுகிறேன், நடத்தின எனக்கே இப்போதுதான் புரிகிறது. உன் அப்பா ஞாயிற்றுக்கிழமைக்காரர். ஆண்டவர் உயிர்த்தெழுந்தது வாரத்தின் முதல் நாள், அதுதான் நமக்குப் பரிசுத்த நாள் என்பது அவர் கட்சி. நான் சனிக்கிழமைக்காரி. படைத்தவர் ஆறு நாள் வேலை பார்த்து ஏழாம் நாள் ஓய்ந்தார், ஏழு என்றால் ஏழுதான், அதைப் பிடித்து ஒன்றாக்க யாருக்கும் அதிகாரம் கிடையாது என்பது என் கட்சி. எங்கள் கல்யாணப் பேச்சு வந்தபோது இரண்டு சபைப் போதகர்களும் தலையில் கைவைத்துக்கொண்டார்கள், கடைசியில் யாருக்கும் மனத்தாங்கல் வரக்கூடாதென்று ஒரு புதன்கிழமையில் கல்யாணம் முடிந்தது. அதற்குப் பிறகு இந்த விஷயத்தில் இரண்டு பேரும் ஒரு அங்குலம் விட்டுக்கொடுத்ததில்லை. சனிக்கிழமை சபைக்குப் போய்வந்தால் நான் மாடியை விட்டு இறங்கமாட்டேன், கீழே சலவைக் கடையை அவர் பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமை அவர் இறங்கமாட்டார், நான் பார்ப்பேன். கடைக்கு வாரம் முழுக்கத் திறப்பு, கடவுளுக்கும் குறையில்லை, வாடிக்கையாளருக்கும் குறையில்லை என்று பார்த்தவர்களெல்லாம் மெச்சினார்கள். இந்த வீட்டில் கெட்டிக்காரி நீ ஒருத்திதான். சனிக்கிழமை அம்மா நாள் என்று பாத்திரம் கழுவமாட்டாய், ஞாயிற்றுக்கிழமை அப்பா நாள் என்று வீட்டுப்பாடம் எழுதமாட்டாய்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பாய்லர் நீளமாக ஒரு பெருமூச்சு விட்டது, அப்புறம் டப்பென்று ஒரு சத்தம், கடை முழுக்க ஆவி, தேய்த்துத் தொங்கவிட்டிருந்த ஒரு வரிசைச் சட்டையும் சுருங்கிப் போயிற்று. நல்லவேளை யாருக்கும் அடியில்லை. பாய்லர்காரர் வந்து அதன் வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு, இதைக் கடைசியா எப்ப நிறுத்தி ஆறப் போட்டீங்க என்று கேட்டார். அப்பா நெஞ்சை நிமிர்த்தி, ஞாயித்துக்கிழமை நான் இதைத் தொடவே மாட்டேன் என்றார். நான் விடுவேனா, சனிக்கிழமை நான் தொடவே மாட்டேன் என்றேன். அந்த மனிதர் எங்கள் முகத்தை மாறி மாறிப் பார்த்தார். அப்ப நீங்க ரெண்டு பேரும் லீவு எடுத்திருக்கீங்க, இது எடுக்கலை என்று சொல்லி வால்வைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, திங்கள்கிழமைக்கு முன்னால் புதுசு கிடைக்காது என்று போய்விட்டார்.

எனக்கு அது முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. நீ, உன் மகன், உன் மகள், உன் வேலைக்காரன், உன் மாடு, உன் வாசலுக்குள் இருக்கிற அந்நியன், எல்லோரும் ஒரே நாளில் ஓய வேண்டும் என்றுதானே கட்டளை. பாய்லர் மாட்டுக் கணக்கில் வருமா என்று அப்பாவைக் கேட்டேன். மாட்டுக்கு உசிரு இருக்கு என்றார். மத்தியானம் வரைக்கும் இதுக்கும் இருந்துச்சே என்றேன். அவர் வழக்கம்போல் பேச்சை மாற்றி, அந்தப் பட்டியல்ல மனைவின்னு ஒரு வார்த்தையே இல்லையே, அதனால உனக்கு ஓய்வே கிடையாது, சனிக்கிழமையும் கிடையாது என்றார். நீ என்று ஆரம்பிக்கிறதே, அது வீட்டை நடத்துகிற ஆளைப் பார்த்துச் சொன்னது, அது நான்தான், பட்டியலில் நீங்கள்தான் இல்லை, வேண்டுமானால் வாசலுக்குள் இருக்கிற அந்நியன் என்று சேர்ந்துகொள்ளுங்கள் என்றேன். அவரே சிரித்துவிட்டார்.

அப்படித்தான் சனிக்கிழமை வந்தது. கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் சேர்ந்து உட்கார்ந்த முதல் சனிக்கிழமை. எங்கே உட்காருவது என்றே அவருக்குத் தெரியவில்லை, பஸ் தவறவிட்ட ஆள் மாதிரி அறைக்கு அறை நடந்தார். இப்ப நீ என்ன செய்வ என்று கேட்டார். ஒண்ணும் செய்யமாட்டேன் என்றேன். அதுக்கப்புறம் என்றார். அதுக்கப்புறமும் அதேதான் என்றேன். நான் நாற்காலியில் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு கண்ணை மூடி ராகம் தப்பாகப் பாடுவதை அவர் இதுவரை பார்த்ததில்லையாம், கடன்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். சும்மா இருக்க முடியாமல் துடைப்பத்தை எடுத்தார், பிடுங்கி வைத்தேன். செய்தித்தாளை எடுத்து மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். அதையும் வாங்கி வைத்தால் கத்தரிக்கோலை எடுத்து நகம் வெட்டப் போனார். ஓய்வு என்றால் என்னவென்று இந்த மனிதருக்குத் தெரியவே தெரியாது, இத்தனை வருஷம் ஞாயிற்றுக்கிழமை என்னதான் செய்தார் என்று எனக்கு ஒரே யோசனை.

மறுநாள் தெரிந்தது. சபைக்குப் போய்வந்தார், சாப்பிட்டார், கொஞ்ச நேரம் தியானத்தில் இருக்கேன் என்று பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் கீழே கடையில் வெந்துகொண்டிருக்கிற ஞாயிறுகளில் மேலே இப்படித்தான் தியானம் நடக்கிறது என்று இத்தனை காலம் நானும் பயபக்தியோடு நம்பியிருந்தேன். டீயை எடுத்துக்கொண்டு கதவைத் தள்ளினால் மேஜை முழுக்கச் சீட்டுக்கட்டு. தன்னந்தனியாகச் சீட்டு ஆடிக்கொண்டிருக்கிறார், அதிலும் கவிழ்த்து வைத்த சீட்டை ஓரத்தில் தூக்கிப் பார்க்கிறார். சபையோடு சுற்றுலா போனபோது சீட்டுக் கொண்டுவந்த வாலிபர்களை நிற்கவைத்து அரைமணி நேரம் புத்தி சொன்ன மனிதர் இவர். எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமில்லை. நாளைக்கே உங்கள் போதகரிடம் சொல்கிறேன், என் போதகரிடமும் சொல்கிறேன், அவர் அதைப் பிரசங்கத்திலேயே வைப்பார் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். சீட்டையெல்லாம் வாரி எடுத்தேன். கொடுத்துரு என்று கெஞ்சினார். முடியாது, நேற்று நான் இருந்தேனே, அந்த மாதிரி இன்றைக்கு நீங்கள் சும்மா இருந்து காட்டுங்கள் என்று எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

மகளே, அவர் வலது கை மடியில் கிடந்து நடுங்கியது. கட்டைவிரலும் பக்கத்து விரலும் நூல் திரிக்கிற மாதிரி தானாக உரசிக்கொண்டே இருந்தன. அவர் இடது கையை அதன்மேல் வைத்து மூடினார், நான் அதை எடுத்துவிட்டேன். எப்போதிருந்து என்று கேட்டேன். ரெண்டு வருஷமா இருக்கும், சும்மா வச்சிருந்தா மட்டுந்தான், எதையாவது பிடிச்சா நின்னுரும் என்றார். யோசித்துப் பார், இஸ்திரிப்பெட்டி பிடித்தால் நின்றுவிடும், கரண்டி பிடித்தால் நின்றுவிடும், ஆலயத்தில் பாட்டுப்புத்தகம் பிடித்தால் நின்றுவிடும். அந்தக் கை சும்மா இருப்பது வாரத்தில் ஒரே ஒரு நாள், அந்த நாள் முழுக்க நான் கீழே ஊரார் துணியைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். சீட்டு எதற்கென்று அப்போதுதான் புரிந்தது. கோபத்தில் அவரை வாயில் வந்தபடி திட்டினேன், திட்டிக்கொண்டே அழுதேன், இரண்டையும் ஒன்றாகச் செய்தால் ஒன்றும் சரியாக வரவில்லை. கடைசியில் சீட்டைத் திருப்பிக் கொடுத்து, எனக்கும் இந்த ஆட்டத்தைச் சொல்லிக்கொடுங்கள் என்று கேட்டேன்.

திங்கள்கிழமை பாய்லருக்கு வால்வு வந்தது, நாங்கள் நரம்பு டாக்டரிடம் போனோம். பயப்படாதே. மெதுவாக வருகிற வியாதியாம், மாத்திரை இருக்கிறது, தினமும் நடக்கவும் கைக்குப் பயிற்சி செய்யவும் சொல்லியிருக்கிறார், கவனித்துக்கொண்டால் பல வருஷம் நல்லபடியாக இருக்கலாம் என்கிறார். ஆனால், ரெண்டு வருஷம் முன்னாடியே வந்திருக்கலாமேம்மா, வீட்ல யாருமே கவனிக்கலையா என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நாங்க ரொம்ப பக்தியான குடும்பம் டாக்டர் என்றேன். அவருக்குப் புரியவில்லை. அப்பாவுக்குப் புரிந்தது, தரையைப் பார்த்தார்.

அதிலிருந்து வேதத்தை எடுத்துப் புரட்டிக்கொண்டிருக்கிறேன், இந்த முறை அப்பாவை மடக்குவதற்காக இல்லை. ஓய்வுநாள் கட்டளையைக் கொடுத்த இடத்தில் ஒரு காரணம் சொல்லியிருக்கிறது, கடவுளே ஓய்ந்தார், நீயும் ஓய். அதே கட்டளையைத் திரும்பச் சொல்கிற இடத்தில் காரணம் வேறு, நீ எகிப்திலே அடிமையாக இருந்தாய், அதை மறக்காதே. அடிமைக்கு ஏது லீவு. நாங்கள் தினமும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு அந்தப் பாய்லருக்குத்தான் முறைபோட்டு அடிமை வேலை பார்த்திருக்கிறோம். இன்னொன்றும் கண்ணில் பட்டது. ஆதாம் உண்டானது ஆறாம் நாள். மறுநாள் கண் விழித்தால் ஓய்வுநாள். ஒரு புல்லைக்கூடப் பிடுங்காதவனுக்கு, பிறந்த முதல் முழு நாளே லீவு. உழைத்ததற்குக் கூலியாகக் கொடுத்திருந்தால் அவனுக்கு அது கிடைத்தே இருக்காது. அன்றைக்கு அவனுக்கு என்ன வேலை இருந்திருக்கும் சொல், பக்கத்தில் இருக்கிறவளைப் பார்ப்பதைத் தவிர. அவளுக்கும் அதேதான், பாவம், பார்ப்பதற்கு வேறு ஆளும் இல்லை.

இப்போது கடையைச் சனி, ஞாயிறு இரண்டு நாளும் அடைத்துவிட்டோம். அப்பா ஒரு சட்டம் பேசினார், ஆறு நாள் வேலை செய் என்பதும் கட்டளைதானே, ரெண்டு நாள் அடைச்சா அதை மீறின மாதிரி ஆயிடாதா என்று. அதனாலென்ன, சனிக்கிழமை நீங்கள் பாத்திரம் தேயுங்கள், ஞாயிற்றுக்கிழமை நான் தேய்க்கிறேன், ஆளுக்கு ஆறு நாள் சரியாக வந்துவிடும் என்றேன். கட்டளையை ஏன்தான் நினைவுபடுத்தினோமோ என்று இப்போது வருத்தப்படுகிறார். பாத்திரம் கவிழ்த்தபின் அவர் எதிரே நான், என் எதிரே அவர். இதை ஞாயிற்றுக்கிழமைதான் எழுதுகிறேன். என் நாள்ல எழுத்து வேலை பார்க்கிறியே என்று முறைக்கிறார். ஓய்வுநாளில் ஆடு குழிக்குள் விழுந்தால் தூக்கிவிடலாம் என்று ஆண்டவரே சொல்லியிருக்கிறார், நான் ஆட்டைத்தான் தூக்குகிறேன் என்றேன். ஆடு யாரென்று உனக்குச் சொல்லத் தேவையில்லை.

அதனால் கேள் பெண்ணே. வேலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, வாடகையை நான் வந்து கட்டப்போவதில்லை. ஆனால் சம்மதம் சொல்வதற்கு முன், இரண்டு பேருக்கும் லீவு ஒரே நாளில் வேண்டும் என்று கேள். கிடைக்காது என்றால் மறுபடி கேள், உன் பிடிவாதம் எனக்குத் தெரியும், அதை அந்தக் கிடங்குக்காரர்களும் கொஞ்சம் பார்க்கட்டும். பையனைச் சில மணி நேரம் காப்பகத்தில் விட்டால் அவன் ஒன்றும் தேய்ந்துவிடமாட்டான், அங்கேயும் கடிக்கச் செருப்பு இருக்கும். சனியா ஞாயிறா என்று நான் கேட்கவேமாட்டேன், செவ்வாய்க்கிழமையாக இருந்தாலும் சரி, நான் இப்படி எழுதினேன் என்று என் போதகரிடம் மட்டும் சொல்லிவிடாதே. எங்களைப் பார்த்து நீ எதை வேண்டுமானாலும் கற்றுக்கொள், இதை மட்டும் கற்றுக்கொள்ளாதே. மாப்பிள்ளை வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கும்போது அவர் முகம் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவருக்கும் உன் முகம் அப்படித் தெரிய வேண்டும்.

கர்த்தர் உங்கள் மூவரையும் தம் கைக்குள் வைத்துக் காப்பாராக, சுண்டெலிக்கு இரண்டு கன்னத்திலும் என் முத்தம், அவனுக்குக் குளிர்காலச் சொக்காய் ஒரு அளவு பெரிதாகவே வாங்கு. ஒன்று மட்டும் மறக்காதே. இதன் அடியில் அப்பா தன் கையாலேயே உனக்கு ஆசீர்வாதம் எழுதப் போகிறார். எழுத்து நேராக, ஒழுங்காகத்தான் இருக்கும், பேனா பிடித்த கை நடுங்காது. வீடியோவில் கூப்பிட்டாலும் போனைப் பிடிப்பது அந்தக் கைதான், அதிலும் உனக்கு ஒன்றும் தெரியாது. எழுத்தைப் பார்த்து அப்பா நன்றாக இருக்கிறார் என்று இருந்துவிடாதே, கிடைக்கிற லீவில் வந்து ஒரு நாள் முழுக்க அவர் எதிரில் சும்மா உட்கார்.

இப்படிக்கு,
உன்னைப் பார்க்கக் காத்திருக்கும்
அம்மா