மணலை மாற்றிய உபாத்தியாயர் தம் பேரில் தாமே கொடுக்கும் மனு

அனுப்புபவர்:
சு. நம்பிராஜன், தலைமை உபாத்தியாயர்,
ஜில்லா போர்டு ஆரம்பப் பாடசாலை,
நொச்சிக்கரை, இலத்தூர் வழி, தென்காசி தாலுகா.

பெறுபவர்:
கனம் டிப்டி இன்ஸ்பெக்டர் அவர்கள்,
முகாம்: குற்றாலம்.

விஷயம்: 9-7-1936இல் எங்கள் பள்ளியைப் புகழ்ந்து தாங்கள் எழுதிய குறிப்பை ரத்து செய்யக் கோருவது. குற்றம் செய்தவர்: மேற்படி மனுதாரரே.

கனம் பொருந்திய ஐயா,

1. தாங்கள் பார்வையிட வந்த அன்று முதல் வகுப்புப் பிள்ளைகள் பதினெட்டுப் பேரும் ஒரே மணலைச் சுற்றி உட்கார்ந்து விரலால் 'அம்மா' என்று எழுதினார்கள். அதைக் கண்டு, "இவ்வகுப்பு ஒரு குடும்பம் போல் இருக்கிறது" என்று விசிட் புஸ்தகத்தில் எழுதினீர்கள். நானும் கைகட்டி நின்று அதை வாங்கிக்கொண்டேன்.

2. அது பொய். எங்கள் பள்ளியில் எப்போதும் இரண்டு மணல். ஊர்ப் பிள்ளைகளுக்குக் கரும்பலகைக்கு முன்னால் ஒன்று. ஆதிதிராவிடர் தெருவிலிருந்து வரும் நால்வருக்கு வாசற்படியோரம் ஒன்று. தாங்கள் வருவதற்கு முந்தின சாயங்காலம் நானே இரண்டையும் ஒன்றாகக் கொட்டிப் பரப்பினேன்.

3. மறுநாள் காலை ஊர்ப் பெரியவர்கள் வந்து, அந்த நால்வரும் தொட்ட மணலை மாற்றாவிட்டால் தங்கள் பிள்ளைகளை நிறுத்திவிடுவோம் என்றார்கள். பிள்ளைகள் குறைந்தால் பள்ளியை மூடிவிடுவார்கள், என் வேலையும் போய்விடும் என்று பயந்தேன். பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மணல் முழுவதையும் அள்ளி வெளியே கொட்டினேன்.

4. முந்தின நாள் இடத்திலேயே வந்து உட்கார்ந்திருந்த முப்பிடாதி என்ற ஏழு வயதுச் சிறுமி எழுந்து கேட்டாள்: "நேத்து நான் சரியாத்தான எழுதுனேன், சார்வாள்? பெறவு ஏன் மணலக் கொட்டுதிய?" தப்பாக எழுதினால் மணலைத் தடவி அழிக்கச் சொல்லிக்கொடுத்தவன் நான். தான் செய்த தப்பு தடவி அழிக்க முடியாத அளவு பெரியது என்று அந்தக் குழந்தை நினைத்துவிட்டது. அவளை வாசற்படிக்குப் போகச் சொன்னேன். ஊர்ப் பிள்ளை சங்கரம்மாள் தானாகவே எழுந்து அவளோடு போனாள். சங்கரம்மாளை அதட்டித் திரும்ப உட்காரவைத்தவனும் நானே.

5. அன்று மத்தியானம் போன முப்பிடாதி இதுவரை வரவில்லை. திங்கட்கிழமை அவள் தாய் மூக்கம்மாள் ஆற்று மணலை ஓலைப்பெட்டியில் சுமந்து வந்து, வாசலுக்கு வெளியே இறக்கிவைத்து, "எம்புள்ள கெடுத்த மணலுக்கு இத வச்சுக்கிடுங்க, சாமி. அவளத் திரும்பச் சேத்துக்கிடுங்க" என்றாள். உங்கள் பிள்ளை எதையும் கெடுக்கவில்லை என்று சொல்லாமலே உள்ளே போய்விட்டேன்.

6. ஆகையால் அந்தப் பாராட்டைத் தாங்கள் அடித்துவிட வேண்டும். எனக்கு உரிய தண்டனை விதிக்க வேண்டும். முன்னறிவிப்பின்றி ஒருநாள் வந்து, இனி இப்பள்ளியில் ஒரே மணல்தான் என்ற உத்தரவை ஊரார் முன்னிலையில் வாசிக்க வேண்டும். உத்தரவு இல்லாமலே நான் செய்திருக்க வேண்டிய காரியம் இது. அதற்கு என்னிடம் தைரியம் இல்லை என்பதும் இந்தப் புகாரில் சேர்ந்ததே.

7. வரும்போது தயவுசெய்து மூக்கம்மாள் வீட்டுக்கும் வந்து, முப்பிடாதி எழுதியதில் ஒரு பிழையும் இல்லை என்று அந்தக் குழந்தையிடம் தாங்களே சொல்ல வேண்டும். இனி நான் சொன்னால் அவள் நம்பமாட்டாள்.

நொச்சிக்கரை,
22-7-1936.

இப்படிக்கு,
தங்கள் பாராட்டுக்குத் தகுதியற்ற,
சு. நம்பிராஜன்