கண்ணாடிக்கு அப்பால்

1951 செப்டம்பர் 18, செவ்வாய். நியூயார்க்

கால் வீங்கியிருக்கிறது. மின்தூக்கி மீண்டும் பழுது. ஆறு மாடியும் ஏறித்தான் வந்தேன்.

யூனியன் சதுக்கத்தின் தொழிலாளர் கூட்டங்களில் ஒரு மரப்பெட்டியின் மீது நின்று, ஒலிபெருக்கியின் துணையின்றி, கடைசி வரிசையில் நிற்பவனின் நெஞ்சையும் தொட முழங்கியவன் இந்த ஆர்வில் தோர்சன். இன்று அந்தக் குரலுக்கு வாய்த்த பணி: "அந்தத் தேநீர்க் கோப்பையை அப்புறப்படுத்துங்கள், நம் விளம்பரதாரர் விற்பது சூப்."

வெள்ளிதோறும் தொலைக்காட்சியில் நேரலையாக ஒளிபரப்பாகும் எங்கள் நாடகத்துக்குப் பெயரே 'ஹாப்வுட் சூப் அரங்கம்'. கதையைத் தேர்வது ஹாப்வுட்டின் விளம்பர முகவர் லைல் பெம்பர். நடிகரை அமர்த்துவதும் அவரே. நிலையம் தருவது கூடம், மின்சாரம், பிறகு என்னைப்போல் ஒரு மேற்பார்வையாளன். கூடத்தின் மேல்சுவரில் பெம்பருக்கென்று ஒரு கண்ணாடி அறை உண்டு. கீழே நாங்கள் கொதிக்கும் விளக்கொளியில் நிற்கிறோம். அவர் இருட்டில் அமர்ந்திருக்கிறார். அண்ணாந்து பார்த்தால் எங்கள் விளக்குகளே கண்ணாடியில் தெரிகின்றன. அவர் இருக்கிறாரா இல்லையா என்பது, தொலைபேசி மணி அடித்தால்தான் தெரியும்.

செப்டம்பர் 20

ஃப்ரீடா செல்கின் புதிய நாடகம் கொண்டுவந்தாள். பிராங்க்ஸ் பகுதிப் பெண். நாக்கில் கத்தி வைத்திருப்பவள். எழுத்தில் அதைவிடக் கூரியது வைத்திருக்கிறாள்.

நடுவில் ஒரு காட்சி. குளிர்கால மாலை, வீட்டில் உணவில்லை. தாய் மூன்று பிள்ளைகளின் முன்னும் வெறுங்கிண்ணங்களை வைக்கிறாள். சற்று நேரம் கழித்து எடுத்துக் கழுவுகிறாள் — கலகலவென்று, வேண்டுமென்றே சத்தமாக. எதிர்வீட்டுச் சன்னலுக்குக் கேட்க வேண்டும். இவர்கள் உண்டுவிட்டார்கள் என்று அந்த வீடு நம்ப வேண்டும்.

அந்தப் பக்கத்தையே மறுபடி படித்தேன்.

"இது நடந்ததா?" என்றேன்.

"எங்கம்மா செஞ்சது. தினமும் கழுவுன கிண்ணத்தையே கழுவுவாங்க. நாங்க மானமா வளர்ந்தது அந்தச் சத்தத்துலதான்."

இந்தக் காட்சி மக்கள் கண்ணில் பட வேண்டும். வேறெதையும் நான் கேட்கவில்லை.

செப்டம்பர் 27

எதிர்பார்த்தபடி பெம்பரின் தொலைபேசி மணி அடித்தது.

"ஆர்வில், சூப் விக்கிற நிகழ்ச்சில பசியா? பாக்கறவனுக்கு வயிறு நெறஞ்ச மாதிரி இருக்கணும்ப்பா. புள்ளைங்க ரெண்டு வாய் சாப்பிடட்டும், அப்புறம் அந்தம்மா கழுவட்டும். என்ன போச்சு?"

"சாப்பிட்டுட்டுக் கழுவினா அது நாடகம் இல்ல பெம்பர். பாத்திரம் கழுவுற வேலை."

"அதையுந்தான் ஜனங்க பாப்பாங்க!" என்று சிரித்தார்.

ஃப்ரீடாவிடம் சொன்னேன். "கிண்ணத்துல அந்த எழவு சூப்பையே ஊத்திடுங்களேன், டப்பாவோட பேரு தெரியற மாதிரி! நாடகத்தைத் திருப்பிக் குடுங்க, தோர்சன்."

கொடுக்கவில்லை. செவ்வாய்வரை பொறு என்றேன். என்ன துணிவில் சொன்னேன்? தெரியவில்லை. உறக்கம் வந்தால் போதும்.

அக்டோபர் 2

ராஃப்ட்டரியைக் கண்டேன். நிகழ்ச்சிப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் தலைவர். அவருக்கு நாற்காலி ஆகாது. எண்ணம் ஓடவேண்டுமானால் கால் ஓடவேண்டும் என்பார். ஆகவே அவருடைய கூட்டங்களெல்லாம் படிக்கட்டில். அவர் ஏறுவார், குறை சொல்ல வந்தவர்கள் பின்னால் இரைக்க இரைக்க ஏறுவார்கள், ஒன்பதாவது மாடிக்குள் பாதிக் குறை தீர்ந்துவிடும். வீங்கிய காலோடு நானும் ஏறினேன்.

"பத்திரிகையில விளம்பரம் குடுக்கறவன் கதையைத் திருத்துறானா?" — திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

"இல்ல."

"பக்கத்தை வாங்குறான், வாயைப் பொத்திக்கிறான். இங்க மட்டும் ஏன்யா நாடகத்தையே தூக்கிக் குடுத்திருக்கோம்? இனிமே நாடகம் நம்மளோடது. விக்கிறது விளம்பர நிமிஷத்தை மட்டும்."

"ஹாப்வுட் கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா?"

நின்றார். எனக்கு மூச்சு வாங்கியது, அவருக்கு இல்லை.

"ஒரு எசமான் இருந்தா நீ வேலைக்காரன். மூணு பேர் இருந்தா நீதான் எசமான், ஆர்வில்."

நான் சதுக்கத்தில் பேசிய பேச்சுகளையெல்லாம் திரட்டினாலும் இந்த ஒரு வரிக்கு ஈடாகாது. எத்தனை ஆண்டுகளாயின, உள்ளே இப்படி ஒரு தீ பற்றி!

அக்டோபர் 11

ஹாப்வுட் போகவில்லை. முணுமுணுத்துக்கொண்டே மூன்றில் ஒரு பங்கு நிமிடங்களை வாங்கிக்கொண்டது. மீதியைக் கெஸ்ட்ரல் கார் நிறுவனமும், தலைவலி மாத்திரை விற்கும் ஒரு நிறுவனமும் பகிர்ந்துகொண்டன. நிகழ்ச்சியின் பெயர் இனி 'வெள்ளி அரங்கம்'. கிண்ணக் காட்சி எழுதியபடியே நடக்கும்.

கண்ணாடி அறையை ராஃப்ட்டரி தம் கையாலேயே பூட்டினார்.

"சாவியை ஆத்துல போடுங்க," என்றாள் ஃப்ரீடா.

"ஆறு ஏற்கெனவே நாறுது," என்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அக்டோபர் 26, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

நேற்றுவரை விளம்பரம் தொடக்கத்தில் ஒன்று, இறுதியில் ஒன்று. இடையில் எவரும் குறுக்கிட்டதில்லை. நிமிடங்களை விற்றதால் இன்றுதான் முதன்முறையாக நாடகத்தின் நடுவே விளம்பரம் புகுந்தது. கிண்ணக் காட்சி முடிந்ததும், கேமரா அங்கிருந்து உருண்டு, கூடத்தின் மூலையில் இருக்கும் சூப் மேசைக்குப் போக வேண்டும். ஒத்திகையில் போயிற்று. இன்று அதன் கம்பி அடுக்களை மேடையின் காலில் சிக்கிக்கொண்டது.

மூலையில் விளக்கு எரிந்தது. விளம்பரப் பெண் பேசத் தொடங்கிவிட்டாள்: "குளிர்கின்ற மாலைக்கு, உங்கள் செல்லங்களுக்கு, ஒரு கிண்ணம் ஹாப்வுட்..." ஆனால் படத்தில் அவள் இல்லை. படத்தில் இன்னும் அந்தத் தாய்.

நேரலையில் பழகிய நடிகை அவள். கேமராவின் நெற்றியில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருக்கும்வரை நடிப்பை நிறுத்தக் கூடாது. அதுவே எங்கள் தொழிலின் முதல் கட்டளை. விளக்கு அணையவில்லை. ஆகவே அவள் கழுவினாள். கழுவிய கிண்ணத்தைக் கவிழ்த்து, மீண்டும் எடுத்துக் கழுவினாள். மேலே சூப்பின் புகழ்; கீழே வெறுங்கிண்ணத்தின் ஓசை. ஒரு முழு நிமிடம்.

முடிஞ்சுது — வேலையும் போச்சு, நாடகமும் போச்சு, எல்லாம் போச்சு என்றுதான் நின்றேன்.

அக்டோபர் 29

பெம்பர் அழைத்தார். விலகல் கடிதத்தின் வாசகம்கூட மனத்தில் அமைந்திருந்தது.

"ஆர்வில்! யாருய்யா யோசனை அது? அபாரம்! கடைங்கள்ல சூப்பு வித்துத் தீந்து எங்க அலமாரி காலியாம்!"

"யோசனை இல்ல. கம்பி சிக்கிக்கிச்சு."

மறுமுனையில் தாள் புரளும் சத்தம்.

"இன்னொரு தடவை சிக்க வைக்க முடியுமா?"

அக்டோபர் 30

ஃப்ரீடாவிடம் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன்.

"எங்கம்மா பாத்தாங்க," என்றாள். "கிண்ணத்தை வச்சப்ப என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. அந்த சூப்புப் பொம்பளை குரல் வந்ததும் எழுந்து உள்ள போயிட்டாங்க. இன்னும் அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசல."

நவம்பர் 22

நன்றி நவிலும் நாள். உணவகத்தில் தனியாக வான்கோழி தின்றேன். முதலில் வைத்த சூப் ஹாப்வுட்.

டிசம்பர் 14

மற்ற நிலையங்களும் நிமிடங்களை விற்கத் தொடங்கிவிட்டன. ராஃப்ட்டரியின் பெயரை நன்றியோடு சொல்கிறவர்கள் பலர். வயிற்றெரிச்சலோடு சொல்கிறவர்களும் அவருடைய முறையைத்தான் பின்பற்றுகிறார்கள். ஓராண்டுக்கு முன் முகவர் சொன்னதே நாடகம். இன்று நிலையம் சொல்வதே நாடகம். இவ்வளவு பெரிய மாற்றத்தை ஒரு மனிதர் படிக்கட்டில் ஏறி இறங்கியே செய்து முடித்தார்.

எனக்குத்தான் களைப்பு. ஒவ்வொரு வாரமும் விளம்பரதாரர்களில் எவரேனும் ஒருவர் கேட்கிறார்: பசிக்கிற குழந்தை இந்தக் கதையில் இல்லையா?

1952 ஜனவரி 15

ராஃப்ட்டரியை இயக்குநர் குழுவின் தலைவராக்கிவிட்டார்கள். உச்சி மாடி, கால் புதையும் கம்பளம், மேசையில் ஒரே ஒரு தொலைபேசி. நான் இருந்த நேரம் முழுவதும் அது அடிக்கவேயில்லை.

வாழ்த்துச் சொன்னேன்.

"இதுக்கு மேல படியே இல்ல, ஆர்வில்," என்றார். முதன்முறையாக அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன்.

பிறகு சட்டைப்பையிலிருந்து கண்ணாடி அறையின் சாவியை எடுத்தார். "நாடகப் பிரிவு இனிமே உன்னோடது. நிகழ்ச்சி நம்மளோடதுன்னா நம்ம ஆள் ஒருத்தர் பாக்கணும்ல. வச்சுக்கோ."

வாங்கிக்கொண்டேன்.

பிப்ரவரி 8

கண்ணாடி அறையின் நாற்காலி வசதியானது. காலை நீட்டிக்கொள்ள ஒரு முக்காலியும் இருக்கிறது.

மார்ச் 6, வியாழன்

ஃப்ரீடாவின் புதிய நாடகம்; ஒத்திகை. தெருவில் பந்து விளையாடும் மகன் கார் மோதி இறக்கிறான். தந்தை அந்தப் பந்தை என்ன செய்வது என்று தெரியாமல் வீடு முழுதும் கொண்டு நடக்கிறார். நல்ல எழுத்து, முந்தியதைவிடவும் நல்ல எழுத்து.

பெம்பர் மூன்று வாரமாக அழைக்கவில்லை. கெஸ்ட்ரல் கார்க்காரர்கள் இந்தக் கதையைக் கண்ணால் கண்டதுமில்லை.

கண்ணாடி அறையின் தொலைபேசியை எடுத்தேன். கீழே நாடக இயக்குநர் எடுத்தார்.

"அந்தப் பையன் மேல கார் மோத வேண்டாம். டிராம் மோதட்டும்."

"டிராமா? யாரு சொன்னது, கார் கம்பெனியா?"

"யாரும் சொல்லல."

அவர் ஃப்ரீடாவிடம் போய்ச் சொல்வது தெரிந்தது. என்ன சொன்னார் என்பது கேட்கவில்லை. அவள் கையிலிருந்த தாள்கள் அப்படியே தாழ்ந்தன. பின் விளக்கொளி கூசாதபடி நெற்றியில் கையைக் குவித்து, மேலே, நேராக என்னைப் பார்த்தாள். வாய் அசைந்தது. "மேல யாரு இருக்கா?" என்று கேட்டிருப்பாள்.

கையை உயர்த்தலாம் என்று நினைத்தேன். அங்கிருந்து பார்த்தால் அவளுக்கு விளக்குகள்தாம் தெரியும். அங்கே நின்று பார்த்தவன்தானே நான்.

ஒத்திகை தொடர்ந்தது. டிராம் பொருத்தமாகவே இருந்தது.

மின்தூக்கியைப் பழுது பார்த்துவிட்டார்கள். கால் வீக்கமும் வற்றிவிட்டது.