உன் எண்ணில் இருந்தவர்கள்

உன் கைபேசி அதிர்ந்தது. மேசை மேல், ஸ்டேப்ளருக்குப் பக்கத்தில். ஆறு இலக்கம். வருமான வரிக் கணக்கின் பாஸ்வேர்டை மாற்ற யாரோ கேட்டிருக்கிறார்களாம். நீங்கள் கேட்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள் என்கிறது செய்தி.

நீ கேட்கவில்லை. நவம்பர் மழைக் காய்ச்சலில் போனவள் நீ. காசிமேடு கல்லறையில் எட்டு மாதமாக இருக்கிறாய்.

இது ஜூலை. வரி ரிட்டர்ன் போடும் மாதம். போன ஜூலை வரை நம் வரிக் கடையின் இந்த மாடிப் படியில் ஆள் நிற்க இடம் இருக்காது. கல்மண்டபம் மார்க்கெட்டின் மீன் வாடையும் துறைமுகத்துக் கரித்தூளும் ஒன்றாக ஏறிவரும். நீ ஜன்னலைச் சாத்த மாட்டாய். "நம்ம ஆளுங்க வாசன, வரட்டும்டி" என்பாய். இந்த ஜூலையில் படி காலி. கைபேசி மட்டும் அதிர்கிறது. நம்மை விட்டுப் போகிற ஒவ்வொருவரும் உன் கைபேசி வழியாகத்தான் போக வேண்டும். அப்படி ஒரு ஏற்பாட்டை நாம்தான் செய்து வைத்திருந்தோம்.

ஆறு வருடம் இந்தக் கடையை நாம் நடத்தினோம். நீ பி.காம். நான் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. முடித்து, எந்த வேலைக்கும் ஒட்டாத பட்டத்தோடு ராயபுரத்துக்குத் திரும்பியவள். நீ நாற்காலியைத் தள்ளிப் போட்டு, "உக்காரு, டைப் பண்ணு" என்றாய். அவ்வளவுதான் என் நேர்முகத் தேர்வு.

துறைமுக ஆட்களின் சிம் நிலைப்பதில்லை. ஆஃபர் வந்தால் மாற்றுவார்கள். கிரேன் மேலிருந்து போன் விழும், கடலில் விழும். ஆதாரில் பதிந்திருப்பதோ எப்போதோ செத்த நம்பர். ஜூலை வந்தால் ஓடிபி எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாது. ஒருநாள் எரிச்சலில், வந்தவர் எல்லோருடைய வரிக் கணக்கிலும் உன் நம்பரையே போட்டாய். "என் நம்பர் மாறாது. நான் எங்கடி போவப் போறேன்?"

நானும் சிரித்தேன். வேலை பாதியாகக் குறைந்தது.

இந்த வருடம் மார்க்கெட் முனையில் ஒரு குடை முளைத்தது. அதன் கீழே ஒரே நிறச் சட்டையில் இரண்டு பெண்கள், ஒரு டேப்லெட், ஒரு பேனர். இலவச ரிட்டர்ன், நாலே நிமிடத்தில். அந்தப் பெண்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்களும் வெயிலில்தான் நின்றார்கள்.

முதலில் அழைத்தது லூர்து அண்ணன். கிரேன் ஆபரேட்டர். அவர் எங்கே போகிறாரோ அங்கேதான் அவருடைய ஷிப்டே போகும். ஷிப்டின் எல்லாச் சம்பளப் பேப்பர்களையும் ஒரே பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொண்டுவருபவர் அவர்தான்.

"பாப்பா, ஒரு நம்பரு வந்துருக்கும் பாரு. சொல்லு."

"எங்கண்ணா இருக்கீங்க?"

"கொடையாண்ட நின்னுகினு கீறேன். வெயிலு மண்டைய பொளக்குது. சீக்கிரம்."

"நம்ம கடையில என்னண்ணா குறை?"

"கொற இன்னா கொற? இங்க ஃப்ரீ. நாலு நிமிசம். உன்னாண்ட வந்தா அர நாளு பூடுது."

பேசிக்கொண்டிருக்கும்போதே அந்த ஆறு இலக்கம் காலாவதியாகிவிட்டது. மறுபடி கேட்டார். மறுபடி அதிர்ந்தது. நான் கைபேசியைக் கவிழ்த்து வைத்தேன்.

"குடுக்க மாட்டியா? செத்தவ போன வச்சிகினு எங்கள கட்டிப் போடறியா நீ?"

வைத்துவிட்டார்.

உன் தம்பி நெல்சனிடம் சொன்னேன். சிம் அவன் பெயரில்தான் இருக்கிறது. மாதாமாதம் ரீசார்ஜ் செய்பவனும் அவன்தான். அவன் யோசிக்கவே இல்லை. "குடுக்காதக்கா. கடைசித் தேதி நெருங்கட்டும். ரெண்டு வாட்டி பேஜாரானா தன்னால வருவானுங்க. வேற எங்க போவானுங்க?"

சொல்லத்தான் வேண்டும். இரண்டு நாள் நான் அவன் சொன்னபடிதான் இருந்தேன். உன் கைபேசியை இழுப்பறையில் போட்டு மூடினேன். அது மரத்துக்குள் அதிர்ந்துகொண்டே இருந்தது. கடை அறையின் வாடகை ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிகிறது. லூர்து அண்ணனின் ஷிப்ட் போனால் மற்றவர்களும் போவார்கள். நம் அறையும் போகும். அறைக்காக என்ன செய்தாலும் சரி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் என் சொந்த ரிட்டர்னைப் போட உட்கார்ந்தேன். பாஸ்வேர்டு நினைவில்லை. அதை எப்போதும் நீதான் போடுவாய். மாற்றக் கேட்டேன்.

இழுப்பறை அதிர்ந்தது.

என் கணக்கிலும் உன் நம்பர்.

நான் உன் கூட்டாளி. எம்.ஏ. படித்தவள். சிம் மாற்றாதவள். என் பெயருக்குள் நுழைய என் பக்கத்தில் சாவி இல்லை. இதை நீ பூட்டாக நினைத்துச் செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் பூட்டு. நாம் செய்தது தப்பு. உயிரோடு இருந்திருந்தால் இதற்கு நீ என்னோடு சண்டை போட்டிருப்பாய். சத்தம் கீழே மீன் கடை வரை கேட்டிருக்கும். இப்போது நான் மட்டும் போடுகிறேன். பதில் சொல்ல முடியாத ஆளோடு சண்டை போடுவது எவ்வளவு கலீஜான வேலை, தெரியுமா?

லூர்து அண்ணனைக் கூப்பிட்டேன். ஷிப்டில் எல்லோரையும் ஞாயிறு பூசை முடிந்ததும் கூட்டி வரச் சொன்னேன். அவரவர் கையில் வேலை செய்கிற போன் இருக்க வேண்டும் என்றேன்.

பதினோரு பேர் வந்தார்கள். படி மறுபடி நிறைந்தது. ஒவ்வொருவரின் கணக்கையும் திறந்து, உன் நம்பரை அழித்து, அவருடையதைப் போட்டேன். அந்தோணி மாமா தன் நம்பர் தெரியாமல் முழித்தார்.

"இன்னா மாமு, பொண்டாட்டி நம்பராவது தெரியுமா?" படியில் நின்ற ஒருவன் கேட்டான்.

"நான் எதுக்கு தெரிஞ்சிக்கணும்? அவதான் அடிப்பா, நான் எடுப்பேன்."

பாஸ்வேர்டை ரகசியமாக வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். ஒருவர் மகள் பெயரைச் சத்தமாகச் சொன்னார். மொத்தப் படியும் சிரித்தது. திரும்ப யோசிக்கச் சொன்னேன். மனைவி பெயரைச் சொன்னார், அதைவிடச் சத்தமாக.

கடைசியாக லூர்து அண்ணன். தன் போனில் வந்த ஆறு இலக்கத்தைக் கண்ணுக்குக் கிட்டே வைத்து அவரே படித்தார். பிறகு எழவில்லை. தொப்பியை முழங்காலில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அன்னிக்கு கொஞ்சம் ஓவரா பேசிட்டேன்."

"நீங்க பேசினது சரிதாண்ணா."

"சரி, எல்லாரையும் நீயே அனுப்பி வுட்டுகினு கீற. கடைய சாத்திட்டு வூட்டுக்குப் போறியா?"

"எதுக்குச் சாத்தணும்? நாளைக்குப் பத்து மணிக்குத் திறப்பேன்."

"யாரு வருவா?"

"தெரியாது. வர்றவங்க விருப்பப்பட்டு வருவாங்க."

அவர் குடைக்குத்தான் போனார். பதினோரு பேரும் போனார்கள். நாலு நாளில் மற்ற எல்லோரையும் அழைத்து மாற்றிவிட்டேன். பாதிக்கு மேல் கடைக்குத் திரும்பவில்லை. என் கணக்கைக் கடைசியாக மாற்றினேன். அதன்பின் நெல்சன் வந்து சிம்மைக் கழற்றினான். "நீ பைத்தியங்க்கா" என்றான். வீட்டுக்காரரிடம் போய்ப் பதினோரு மாதத்துக்குக் கையெழுத்துப் போட்டேன். உன் பெயர் இருந்த இடத்தில் என் பெயர். "ஒத்த ஆளா ஓட்டிடுவியாம்மா?" என்றார். சாவியை வாங்கிக்கொண்டு மாடி ஏறினேன்.

இலவசமாகத் தருகிறவர்களோடு விலையில் என்னால் மோத முடியாது. வேகத்திலும் முடியாது. முடியாததைச் செய்யப் போவதும் இல்லை. உன்னிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒன்றுதான். சமர்ப்பிக்கும் பொத்தானை அழுத்துமுன் நீ திரையை எதிரில் இருப்பவர் பக்கம் திருப்புவாய். ஒவ்வொரு வரியையும் அவர் பேசுகிற பேச்சில் படித்துச் சொல்வாய். லூர்து அண்ணன் சொன்ன அந்த அரை நாள் அப்படித்தான் போனது. போகட்டும்.

நேற்று கொடுங்கையூரிலிருந்து ஓர் அம்மாள் வந்தார். துப்புரவு மேற்பார்வையாளர். இதுவரை ரிட்டர்ன் போட்டதில்லை. மேலே வரும்போதே, "கீழ கொடையாண்ட ஃப்ரீன்னாங்க. ஆனா எதுவும் வெளக்கி சொல்ல மாட்டேங்கறாங்க" என்றார். அரசாங்கமே நிரப்பி வைத்திருந்த பக்கத்தைத் திறந்தேன். திரையைத் திருப்பினேன். புரியாத இடத்தில் நிறுத்துங்கள் என்று சொல்லிப் படிக்க ஆரம்பித்தேன்.

மூன்றாவது வரியிலேயே கையை நீட்டினார்.

"நில்லு. எனக்கு சம்பளம் போட்டதா ரெண்டு கம்பேனி பேரு கீதே. இந்த ரெண்டாவது யாரு? நான் அங்க வேலையே செய்யலியே."

என் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டேன்.

"சரிக்கா. யாருன்னு பாத்துட்டுத்தான் அடுத்த வரி."