இரண்டு மலைகளுக்கு நடுவே ஒரு கரடு

என் மலரக்காவுக்கு,

நீ போனபிறகு வருகிற இரண்டாவது ஆடி இது. கொட்டாம்பட்டிப் பக்கம் காற்று மண்ணை வாரி முகத்தில் அடிக்கிறது. நலமா என்று உன்னைக் கேட்க முடியாது. சேதி மட்டும் சொல்கிறேன். கிழக்கு மலைக்கும் மேற்கு மலைக்கும் நடுவில் கிடக்கிறதே, பல்லிகளைக் கணக்கெடுக்க நீ வருஷக்கணக்காக ஏறி இறங்கிய சின்னப் பாறைக் கரடு, அதை உடைக்கக் குவாரிக்காரர்கள் அனுமதி கேட்டுவிட்டார்கள்.

கரட்டுக்குக் கீழே இருக்கிற ஊர்ச் சமுதாயக்கூடத்தில் கருத்துக்கேட்புக் கூட்டம் வைத்தார்கள். உன் கல்லூரியிலிருந்து யாரும் வர முன்வரவில்லை. "டீச்சர் இல்லாட்டி என்ன, அவுக தங்கச்சிய வரச் சொல்லுங்க" என்று அந்த ஊர்ப் பெண்கள் ஆள் அனுப்பினார்கள். மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவள் நான். எனக்கு என்ன தெரியும் என்று நினைத்தார்களோ?

கூட்டத்துக்குக் கிளம்பும்போது கோச்சடை வீட்டு வாசலில் உன் வீட்டுக்காரர் நின்றார். குவாரி வந்தால் கல் ஏற்ற மச்சானுடைய டிப்பர் லாரிகளைத்தான் கூப்பிடுவதாகப் பேச்சு.

"நீ அங்க வராத செல்வி. அம்புட்டுதேன் சொல்லுவேன்."

"வாரேன் மச்சான். அக்காவுக்குப் பதிலா யாராச்சும் வேணும்ல."

அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கூடத்துக்குள் நெரிசல். முன்வரிசையில் அதிகாரிகள், பின்சுவரை ஒட்டி லாரி டிரைவர்கள், அவர்கள் நடுவில் மச்சான். வேலை கிடைக்கும் என்று நம்பி வந்தவர்களும் இருந்தார்கள். அவர்களை நான் எப்படித் தப்புச் சொல்வேன்? நான் எழுந்ததும் குவாரித் தரப்பில் வந்தவர் மரியாதையாகத்தான் கேட்டார்.

"இந்தக் கரட்டுல இருக்கிற பல்லி, ஓணான், பாம்பு எல்லாமே பக்கத்துப் பெரிய மலையிலயும் இருக்கு. இங்க மட்டும் இருக்கிற ஒரே ஒரு உயிரைச் சொல்லுங்கம்மா. நாங்க கிளம்பிடுறோம்."

அவர் சொன்னது உண்மை. உன் ஆய்வுக் கட்டுரையில் அதை எழுதியவளே நீதானே, அக்கா?

வண்டியூர்த் தெப்பக்குளம் நிறைந்திருந்த ஒரு மாலையில் படியில் உட்கார்ந்து நீ பேசியது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. "பாறையில பொழைக்கிற பல்லிக்கு வயக்காடு கடல்டி. மலைதேன் தீவு. பெரிய தீவுல நெறைய வகை தங்கும், சின்னதுல கொஞ்சந்தேன். ஒரு தீவுல ஒரு வகை அத்துப்போனா, பக்கத்துத் தீவுலருந்து வந்து சேரணும். தூரமாயிட்டா வந்து சேராது." அன்றைக்கு நான் பாதி கேட்டேன், பாதி பொரிகடலை தின்றேன்.

"நீங்க சொல்றது சரிங்க" என்றேன். "இங்க மட்டும் இருக்கிறதுன்னு ஒண்ணும் இல்ல."

என்னை அழைத்த பெண்கள் திகைத்துப்போய்ப் பார்த்தார்கள்.

"ஆனா மேக்கு மலையில முன்ன ஒருக்காத் தீப்பிடிச்சுச்சு. அதுக்கப்புறம் அங்க பாறைப்பல்லி ஒண்ணுகூட இல்ல. சில வருசங் கழிச்சுத் திரும்ப வந்துச்சு. கெழக்கு மலையிலருந்து ஒரே மூச்சுல அம்புட்டு தூரம் அதால வர முடியாது. நடுவுல தங்கி, குஞ்சு பொரிச்சுப் போக இந்தக் கரடு ஒண்ணுதேன் இருக்கு. இதை எடுத்துட்டா, அடுத்து தீப்பிடிச்சா மேக்கு மலை காலியாவே கெடக்கும்."

"இதைப் பார்த்தது யாரு? உங்க அக்காவா?" அவர் குரல் தாழ்ந்தது. "அவங்க இப்ப இல்லையேம்மா. சாட்சி வேணும்ல?"

நீ இல்லை என்று ஒருவர் மைக்கில் சொல்லிக் கேட்பது எப்படி இருந்தது தெரியுமா? பின்னாலிருந்து ஒரு நாற்காலி நகர்ந்தது.

"நான் பார்த்தேன்" என்றார் மச்சான்.

டிரைவர் ஒருவர் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். "மாப்ள, உக்காரு. நம்ம பொழப்புடா." மச்சான் கையை விலக்கிவிட்டார்.

"குவாரி வரணும்னுதேன் நானும் வந்தேன். அதுல மாத்தமில்ல. ஆனா அவ பார்த்ததப் பொய்யின்னு சொல்லாதீக. கருகுன மலைக்கு அவளக் கூட்டிட்டுப் போனதே நான்தேன். ஒரு பல்லி இல்ல. பெறகு இந்தக் கரட்டைப் பார்த்த சரிவுலதேன் மொதல்ல வந்துச்சு. என் கண்ணால பார்த்தேன்."

மழைக்காலம் முடிந்ததும் இரண்டு மலைகளையும் கரட்டையும் சேர்த்துக் கணக்கெடுக்க வேண்டும், அதுவரை வெடி வைக்கக்கூடாது என்று அதிகாரி உத்தரவிட்டார். ஜெயித்துவிட்டோம் என்று சொல்ல மாட்டேன். முடிவு இன்னும் வரவில்லை.

மச்சானைக் குவாரி ஆட்கள் இப்போது எந்த வேலைக்கும் கூப்பிடுவதில்லை. லாரிகள் வீட்டுமுன் சும்மா நிற்கின்றன. நேற்றுச் சோறு கொண்டுபோனேன். முகம் பார்க்காமலே சாப்பிட்டார். எழும்போது மட்டும் சொன்னார்: "அவ இருந்திருந்தா என்னைய எந்திரிக்க விட்டிருக்க மாட்டா. அவளே பேசிருப்பா."

அதைக் கோபத்தில் சொன்னாரா, உன்னைத் தேடிச் சொன்னாரா? எனக்குப் புரியவில்லை அக்கா.

கணக்கெடுக்க வருகிறவர்களோடு நானும் மலையேறுவேன். எந்தப் பல்லிக்கு என்ன பேர் என்று தெரியாது, கற்றுக்கொள்வேன். கரடு நின்றாலும் போனாலும், அந்த மனுஷனை நான் ஒற்றையாக விடமாட்டேன்.

உன் கூடப்பிறந்தவள்,
செல்வி