சியாமக்கின் இடது முழங்கால்

சுகர்லேண்ட், டெக்சாஸ்
நவம்பர் 8, சனிக்கிழமை

மகள் ஓவியாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் அண்ணன் மகிழன் வீட்டாரும் உடம்பளவில் சுகமாக இருக்கிறோம். மஸ்கட்டில் நீயும் உன் வீட்டுக்காரரும் சுகமா என்று அடுத்த வரி எழுத வேண்டும். எனக்கு இப்போது தெரிய வேண்டியது உன் வீட்டுக்காரரின் இடது முழங்கால் சுகமா என்பது ஒன்றுதான். பதினெட்டு நாளாக நீ என் போனை எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பியதெல்லாம் ஒற்றை டிக்கோடு நிற்கிறது. அம்மா போனிலிருந்து பேசினாலும் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாய். அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். கொரியரில் ஐந்து நாளில் வந்துவிடும் என்று மகிழன் சொன்னான். இருபத்தொன்றாம் தேதி வெள்ளிக்கிழமை அவருடைய கால்பந்து ஆட்டத்துக்கு முன்பு இது உன் கையில் இருக்க வேண்டும். கிழித்துப் போடுவதென்றாலும் முழுக்கப் படித்துவிட்டுக் கிழி.

நான் செய்ததை மறைக்கவில்லை. சியாமக்கின் முழங்காலில் கோளாறு என்று, கிளப் டாக்டருக்கு என்று நினைத்து நான் அனுப்பிய ஈமெயில் ஆபீசுக்குப் போய், மேனேஜர் கைக்குப் போய், அடுத்த ஆட்டத்தில் அவரை வெளியே உட்கார வைத்துவிட்டார்கள். இன்னும் ஒரு வருடத்துக்குக் கையெழுத்தாக இருந்த ஒப்பந்தமும் நின்றுபோனது. கால் முடிந்துபோன ஆள் என்று யாரோ இணையத்தில் எழுத, ஊரெல்லாம் அதையே படித்தது. இப்போது தனக்கு ஒன்றுமில்லை என்று காட்டுவதற்காக வலி தெரியாமலிருக்க ஊசி போட்டுக்கொண்டு தொண்ணூறு நிமிடமும் ஆடப் போகிறார் என்று நீ அம்மாவிடம் சொல்லி அழுதாயாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவரை உட்கார வைக்கத்தான் எழுதினேன், என் எழுத்தே அவரை ஊசியோடு இறக்கப் போகிறது. அம்மா என்னைப் பார்த்து, ஏனுங்க, ஆறு வருசமா அந்தப் புள்ளைய வேண்டாம்னீங்க, இப்ப அது பொழப்பையும் கெடுத்துட்டீங்களே, இனி நம்ம ஊட்டு வாசப்படி மிதிக்குமாங்க என்று கேட்டாள். கேட்கட்டும். ஆனால் இது மன்னிப்புக் கடிதம் என்று நினைத்துவிடாதே. கண்ணால் பார்த்ததைச் சொன்னேன். பார்த்தது பொய்யில்லை. சொன்ன இடம் தப்பு, அதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். தோஹாவில் நீங்கள் பதிவுத் திருமணம் செய்துகொண்டபோது நான் வரவில்லை. பந்து விளையாடுகிற ஈரான்காரன் எத்தனை நாளைக்குக் குடும்பம் நடத்துவான் என்று கேட்டேன், கேட்டது கேட்டதுதான். அந்த மாதமே மகிழனின் பழைய லேப்டாப்பில் அவர் ஆட்டங்களைத் தேடிப் பார்க்க ஆரம்பித்தேன். குற்றம் கண்டுபிடிக்கத்தான் பார்த்தேன். எட்டாவதோடு நின்றவன் நான், மோட்டார் காயில் கட்டுவதைக் கழற்றிக் கழற்றிப் பார்த்தே கற்றுக்கொண்டவன். இதையும் அப்படியே நிறுத்தி நிறுத்திப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். ஆஃப்சைடு விளங்கவே நான்கு மாதம் ஆனது. பழைய ஆட்டங்களில் பாரசீக மொழியில் பேசுகிறார்கள், மஸ்கட் ஆட்டங்களில் அரபியில் பேசுகிறார்கள், இரண்டும் எனக்குத் தெரியாது. அதனால் சத்தத்தை அணைத்துவிட்டு அவர் காலை மட்டும் பார்த்தேன். ஹில்கிராஃப்ட் பக்கம் அரிசி வாங்கப் போகும் வழியில் ஓர் ஈரானியர் கடை இருக்கிறது, அந்தக் கடைக்காரர் பழைய செய்திகளைப் படித்துப் பொருள் சொன்னார். பதினேழு வயதில் அஹ்வாஸில் முதல் ஆட்டம். பிறகு ராணுவத்தில் கட்டாய சேவை. அந்த இரண்டு வருடமும் ராணுவத்து அணிக்காக இரண்டாம் பிரிவில் ஆடியே கழிந்திருக்கிறது, ஓடுகிற வயதில் அப்படிக் கழிந்தது எனக்கே வயிற்றெரிச்சல். இருபத்துமூன்றில் டெஹ்ரானில் பெரிய கிளப். இருபத்துநான்கில் நாட்டு அணிக்கு ஒரே ஒரு தடவை, எண்பத்தெட்டாவது நிமிடத்தில் இறங்கினார். கூடுதல் நேரத்தோடு ஆறு நிமிடம். ஒன்பது தடவை பந்தைத் தொட்டார், ஒன்றுகூட எதிராளி காலுக்குப் போகவில்லை. அந்த ஆறு நிமிடத்தை நாற்பது தடவையாவது பார்த்திருப்பேன். அடுத்த மாதமே இதே இடது முழங்காலில் ஜவ்வு கிழிந்து ஆபரேஷன், பதினோரு மாதம் களத்துக்கே வரவில்லை, நாட்டு அணி திரும்பக் கூப்பிடவுமில்லை. அதற்குப் பிறகு தோஹா, நீ, மஸ்கட். கோயிலில் கோபாலசாமி வாரம் தவறாமல், என்னங்க சேனாபதி, மருமகப்புள்ள இந்த வாரமாச்சும் கோல் போட்டாருங்களா, இல்ல சும்மா ஓடிட்டு வந்துட்டாருங்களா என்று நாலு பேர் முன்னால் கேட்பார். நடுவுல ஆடறவரு கோல் போடறதுக்கு இல்லைங்க, மத்தவன் போடறதுக்கு வழி பண்றவரு, உங்களுக்குத் தெரியலைன்னா பேசாம பொங்கலைச் சாப்பிடுங்க என்று ஒரு நாள் சத்தம் போட்டுவிட்டேன். அம்மா திகைத்துப் போய்ப் பார்த்தாள். நான் தட்டைக் கழுவப் போய்விட்டேன்.

இனி கவனமாகப் படி. முன்பெல்லாம் நடுக்களத்தில் பந்து வந்தால், முதுகில் ஒருவன் ஒட்டிக்கொண்டிருந்தாலும், இடது காலை ஊன்றி ஒரு சுழல் சுழன்றுவிடுவார், பின்னால் நின்றவன் வெறும் புல்லைப் பார்த்துக்கொண்டு நிற்பான். அவர் பிழைப்பே அந்த ஒரு திருப்பம்தான். இந்த சீசனில், செப்டம்பரில் நடந்த இரண்டாவது ஆட்டத்தில் அது ஒரு தடவைகூட வரவில்லை. பந்து வந்ததும் ஒரே தட்டில் பின்னால் கொடுத்துவிட்டார். மூன்றாவது ஆட்டத்திலும் அப்படியே, நான்காவதிலும் அப்படியே. கிளப்பின் பக்கத்தில் முதிர்ச்சியான ஆட்டம் என்று ஆங்கிலத்தில் புகழ்ந்திருந்தார்கள். ஷாஃப்ட் கோணினால் மோட்டார் ஓடத்தான் செய்யும், ஓடுகிறதே என்று விட்டவன்தான் பிறகு தலையில் கை வைப்பான். விசில் ஊதி ஆட்டம் நிற்கும்போதெல்லாம் கட்டைவிரலால் முழங்காலுக்குக் கீழே அழுத்துகிறார், கேமரா பக்கம் திரும்பினால் கையை எடுத்துவிடுகிறார். என் தோள் வலிக்குப் பயிற்சி கொடுக்கிற ஹம்சாவிடம், மெட்ராஸ் பெண், லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினேன். அங்கிள், வீடியோ பாத்து டயக்னோஸ் பண்ணக் கூடாது, ஆனா இவர் லெஃப்ட்ல வெயிட்டே போடலையே, உடனே எம்ஆர்ஐ எடுக்கச் சொல்லுங்க, இது மேல ஊசி போட்டு ஆடினா அப்புறம் நடக்கறதே கஷ்டம் என்றாள். அன்றைக்கே உனக்குப் போன் செய்தேன். நீ என்ன சொன்னாய்? அப்பா, உங்களுக்கு அவரைப் பிடிக்காது, இப்போ மெடிக்கல் ரீசன் வேற கண்டுபிடிச்சுட்டீங்களா, நான் அவரோட ஒரே வீட்ல இருக்கேன், நீங்க ஸ்க்ரீன்ல பாக்கறீங்க, ப்ளீஸ் ஸ்டாப் இட் என்றாய். அதற்குப் பிறகுதான் கம்ப்யூட்டரில் மொழிபெயர்த்து அந்த ஈமெயிலை அனுப்பினேன். உன்னை நம்ப வைக்க முடியாதவன் வேறு யாரிடம் போவேன்?

வீட்டில் வலியை மறைப்பது அவருக்குக் கஷ்டமில்லை கண்ணு. அவருக்கு வயது முப்பத்துமூன்று. வலிக்கிறது என்று வாய் திறந்தால் அடுத்த ஒப்பந்தம் கிடையாது, அதை உன்னிடம் சொன்னால் நீ ஆட விடமாட்டாய். அதனால் சிரித்துக்கொண்டு வீட்டுக்கு வருவார். இங்கே கூட்டி வந்து நல்ல டாக்டரிடம் காட்டலாம் என்று பார்த்தேன், ஈரான் பாஸ்போர்ட்டுக்கு இப்போது விசா கிடைக்காது என்று மகிழனுக்குத் தெரிந்த வக்கீல் கையை விரித்துவிட்டார். நான் அங்கே புறப்பட்டு வருகிறேன் என்றேன், வந்தால் கதவைத் திறக்க மாட்டேன் என்று நீ சொன்னதாக அம்மா சொன்னாள். எந்தப் பக்கம் போனாலும் சுவராக இருக்கிறது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் டிசம்பருக்குத் தள்ளிப் போயிருக்கிறது, சர்க்கரையும் ஏறி நிற்கிறது, இந்தக் கவலையில் ஏறியது என்று என்னைத்தான் சொல்கிறாள். மகிழன் கம்பெனியில் ஆட்களைக் குறைக்கிறார்கள், அவன் பெயர் இதுவரை வரவில்லை. நீ வேளைக்குச் சாப்பிடு, அழுதுகொண்டு வண்டி ஓட்டாதே. ஒப்பந்தம் போனால் போகட்டும், இன்னொரு வேலை செய்யலாம், நான் ஐம்பது வயதில் ஊரை விட்டு வந்து புதிதாகப் பழகவில்லையா? காலுக்கு அப்படி மாற்று கிடையாது. இன்னும் நாற்பது வருடம் அந்த முழங்காலோடு நடக்க வேண்டியவர் அவர், பக்கத்தில் நடக்க வேண்டியவள் நீ.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், நினைத்தது நடந்து, நீண்ட காலம் ஒன்றாக இருக்க வேண்டும். இந்த வாழ்த்தை ஆறு வருடம் முன்பே நேரில் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன், இருவருக்கும் சேர்த்து.

ஒன்று மட்டும் மறக்காதே. அவரிடம் எதுவும் கேட்காதே, கேட்டால் சமாளிப்பார். இதைப் படித்த அன்றைக்கே அவரைக் கடைக்கு அழைத்துக்கொண்டு உங்கள் மூன்று மாடியையும் லிஃப்ட் இல்லாமல் இறங்கு. நீ முன்னால் போய்க் கீழே நின்று திரும்பிப் பார். ஒவ்வொரு படியிலும் இடது காலையே முதலில் இறக்கி, பிறகு வலது காலை அதன் பக்கத்தில் சேர்க்கிறாரா என்று பார். முழங்காலை மடக்கி எடை தாங்க முடியாதவர்கள் அப்படித்தான் இறங்குவார்கள். இரண்டு காலும் மாறி மாறி இறங்கினால் நான் சொன்னது தப்பு, உடனே போன் செய்து வாயில் வந்தபடி என்னைத் திட்டு, கேட்டுக்கொள்கிறேன். நான் சொன்னது சரியாக இருந்தால் எனக்குச் சொல்ல வேண்டாம், எப்போதுமே சொல்ல வேண்டாம். அவர் கையைப் பிடித்து அப்படியே ஸ்கேனுக்குக் கூட்டிக்கொண்டு போ.

உன் அப்பா,
மு. சேனாபதி