நாற்பதாம் பக்கம்

1933, தை 4

இதைப் படிப்பவர் யாராக இருந்தாலும் கெஞ்சிக் கேட்கிறேன். மூடிவிடுங்கள். யாரிடமும் காட்டாதீர்கள். காட்டினால் நானும் அம்மாவும் தெருவில் நிற்போம்.

ஆனால் நீங்கள் படிக்கமாட்டீர்கள். இந்தப் புத்தகம் தீப்பெட்டியில் பாதி. எழுத்து கடுகில் பாதி. இதை எல்லோரும் பார்ப்பார்கள், ஒருவரும் படிக்கமாட்டார்கள். அதனால்தான் இதிலேயே எழுதுகிறேன்.

அட்டையில் பெரியப்பா பெயர். ‘நுண்ணெழுத்துப் புலவர் திருஞானசம்பந்தம் இயற்றித் தம் கையால் எழுதிய அம்மன் பாமாலை. நூற்றெட்டுப் பாட்டு.’ கை என்னுடையது. பாட்டு பத்தொன்பதுதான். அதற்குமேல் அருள் வரவில்லையாம்.

“மீதிப் பக்கத்துல என்னா எழுதறது?” என்று கேட்டேன்.

“அதையே திருப்பித் திருப்பி எழுதிக்கினு போ. எவன் படிக்கப் போறான்?”

நல்ல யோசனை, புலவரே. முப்பத்தொன்பதாம் பக்கத்தோடு உங்கள் பாட்டு முடிந்தது. இது நாற்பது.

தை 6

இந்தப் பைத்தியம் வந்த கதை. வாலாஜாவிலிருந்து பட்டு வாங்க வரும் பாய் ஒரு தகர டப்பியைக் காட்டினார். மூடியிலேயே பூதக்கண்ணாடி. உள்ளே அவர்கள் வேதம், கட்டைவிரல் நகம் அளவு. பெரிய புத்தகத்தைப் படம் பிடித்துச் சுருக்கிச் சீமையில் அச்சடித்தார்களாம். அவர் தம்பி ஜெர்மன் சண்டைக்குப் போனபோது கழுத்தில் தொங்கியதாம்.

“படிக்கறதுக்கு இல்லம்மா. கூடவே இருக்கறதுக்கு,” என்று சொல்லிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

பெரியப்பா காதில் அது விழவில்லை. சின்னதாக இருந்தால் கைத்தொழில் கண்காட்சியில் மெடல் கிடைக்கும் என்று மட்டும் புத்தியில் ஏறியது. உடனே பைண்டர் சிட்டிபாபுவிடம் ஓடினார். அவர் மெல்லிய தாளை மடித்து, ஒற்றைப் பட்டிழையால் தைத்து, முதுகில் சரிகை ஒட்டிக் கொடுத்தார். நான் காக்கை இறகைச் சீவி எழுதுகிறேன். மூச்சு விட்டால் வரி கோணும். மூன்று எழுத்துக்கு ஒரு மூச்சு.

தை 9

இன்று வீரபாகு முதலியார் பார்க்க வந்தார். பெரிய ஜவுளிக் கடைக்காரர், பெரிய தொப்பை. பூதக்கண்ணாடியை வாங்கி வெகுநேரம் பார்த்தார். எதை? தன் கட்டைவிரலை. “ரேகை எப்பிடி இருக்குது பாருப்பா!” பிறகு முதல் பக்கத்துக்கு ஒரு ஆஹா. முதலிலேயே எழுதி வைத்த கடைசிப் பக்கத்துக்கு ஒரு ஆஹா. நடுவே நூறு பக்கம் இருக்கிறதே, ஐயா? நாளைக்கு வெறும் தாளைத் தைத்துக் கொடுத்தாலும் இதே ஆஹாதான்.

தை 11

பெரியப்பா பேசுவதைத் தறி அறையிலிருந்து கேட்டேன்.

“மெடல் வரட்டும், கமலவேணி. அப்பறம் கலாவதிக்கு இஸ்கூல் எதுக்கு? சரிகை சுத்தட்டும்.”

“எட்டாவது மட்டுமாவது முடிக்கட்டுமே, மாமா,” என்றாள் அம்மா. அப்பா போனபிறகு அம்மாவின் குரல் இவரிடம் தரையைப் பார்த்துக்கொண்டுதான் பேசும்.

“எழுதத் தெரிஞ்சா போதும்மா.”

யாருக்கு எழுதத் தெரியும்? உனக்கா? ‘எறும்பு ஊர்ற மாதிரி இருக்குது’ன்னு கண்ணத் தேச்சுக்கினு நின்னது யாரு? பேரு உனக்கு, கண்ணு வலி எனக்கு, சரிகையும் நானே சுத்தணுமா?

தை 12

விரலில் மை போகவில்லை. புளி போட்டுத் தேய்த்தேன். அப்படியும் போகவில்லை.

தை 15

படித்துவிட்டார்கள்.

நாளைக் கண்காட்சிக்குப் பரிசு சொல்லும் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் ரேணுகாம்பாள் அம்மா மாலையில் வீட்டுக்கு வந்தார். பையில் சொந்தப் பூதக்கண்ணாடி, பெரியப்பாவுடையதைவிட மூன்று மடங்கு கனம். ஆஹா சொல்லவில்லை. முதல் பக்கம், இரண்டாம் பக்கம் என்று புரட்டிக்கொண்டே போனார். ஓரிடத்தில் நின்றார். உதடு அசைந்தது. வாசிக்கிறார்! பிறகு வாயோரம் சிரிப்பை அடக்கினார்.

“எழுத்து யாருது?”

“என்னுதுதாம்மா,” என்றார் பெரியப்பா.

“நாற்பதாம் பக்கமும்?”

“எல்லாப் பக்கமும் என் கைதாம்மா.”

“அப்போ நாளைக்கு மேடையில அந்தப் பக்கத்தை நீங்களே வாசிக்கணும். ரொம்ப நல்லா வந்திருக்கு. என் கண்ணாடி இங்கயே இருக்கட்டும். ராத்திரி தனியா ஒரு தரம் படிச்சுப் பாருங்க.” அவர் பார்வை என் விரல் மையில் இருந்தது. “இந்தப் பொண்ணு நாளைக்கு என் பக்கத்துல உட்காரட்டும். எட்டாவது பத்திப் பேசணும்.”

பெரியப்பா வாசல்வரை குனிந்துகொண்டே போனார். “கேட்டியா கமலவேணி, ரொம்ப நல்லா வந்திருக்குதாம்!”

நான் தறிக் குழியில் உட்கார்ந்திருக்கிறேன். புத்தகம் கையில். வாயில் போட்டு மென்று விழுங்கிவிடலாம், அவ்வளவு சின்னது. யாரிடமும் காட்டாதீர்கள் என்று எழுதினேனே, இன்ஸ்பெக்டர் அம்மா! அதையும்தானே படித்தீர்கள்?

இல்லை. அவர் ஊருக்குக் காட்டவில்லை. பெரியப்பாவைத்தான் படிக்கச் சொல்லியிருக்கிறார், அதுவும் தனியாக. படித்தபிறகு இவர் என்ன செய்வார்? என்னைத் துரத்தினால் அந்தம்மா நாளைக்கு இதை மேடையில் வாசிக்க வைத்துவிடுவாரே. மெடல் வேண்டுமே இவருக்கு. அப்படியானால் எட்டாவது முடிக்க விடுங்கள் என்று நான்… கேட்பேனா? வரி கோணுகிறது.

‘ரொம்ப நல்லா வந்திருக்கு’ என்றது எனக்கு. புத்தகத்தை மென்று விழுங்கமாட்டேன்.

கதவு தட்டுகிறது.

“கலாவதி! புத்தகத்தக் கொடும்மா. அந்தம்மா கண்ணாடியில எறும்பு மீசகூட தெரியுது! நாப்பதாம் பக்கத்த இப்பவே நான்